பங்கிட்டால் குறையாத வெள்ளம்

கல்லணையைத் தொடும் காவிரி அதற்கப்பால் ஒரே ஆறாக ஓடுவதில்லை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. பிறகு குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வடவாறு, பாமணியாறு, கோரையாறு என மேலும் மேலும் கிளைக்கிறது. ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கிளை வாய்க்காலாகி, கடைசியில் ஒரு வயலின் மடைக்குள் நுழையும்போது அந்த நீருக்குப் பெயர்கூட மிஞ்சுவதில்லை. தஞ்சைத் தரணியின் வரலாற்றை மன்னர்களின் வரிசையாக எழுதிப் பழகிவிட்டோம். உழுதவர்களின் பக்கமிருந்து பார்த்தால் அது பங்கீட்டின் வரலாறு. யார் தலைமடை, யார் கடைமடை, மதகு எத்தனை நாள் திறந்திருக்கும், எந்த ஊருக்கு எந்த முறை என்ற கேள்விகளே ஊர்க்கூட்டங்களையும் வழக்குகளையும் நிரப்பியிருக்கின்றன. 1892, 1924 ஒப்பந்தங்களும், 1990-இல் அமைந்த நடுவர் மன்றமும், தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த தீர்ப்பும் அதே கேள்வியின் பெரிய வடிவங்கள்தாம். ஒரு வயலுக்குப் போன நீர் அடுத்த வயலுக்கு இல்லை என்பதே அந்தக் கணக்கு முழுவதற்கும் அடிப்படை.

பங்கிட்டால் குறையும் என்பதை முதல் பாடமாகக் கற்ற இந்த மண்ணின் வழியாகச் சில பத்தாண்டுகளாக வேறு வகையான ஓட்டம் ஒன்றும் போய்க்கொண்டிருக்கிறது. தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்திலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் உயர் அழுத்த மின்கோபுரங்களின் உச்சிக் கம்பிக்குள்ளும் கிடக்கும் கண்ணாடி இழை தலைமயிர் அளவே பருமன் கொண்டது. அதற்குள் ஒரு லேசரின் ஒளியைச் செலுத்தினால் ஒரு வழி கிடைக்கிறது. அலைநீளத்தில் சற்றே வேறுபட்ட இன்னொரு லேசரின் ஒளியை அதே இழையில் ஏற்றினால், முதல் வழிக்குக் குறைவின்றி இரண்டாவது வழி கிடைக்கிறது. 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையிலான, மனிதக் கண்ணுக்குப் புலப்படாத ஒரு குறுகிய பட்டைக்குள் 96 தனித்தனி நிறங்களை ஓட்ட முடியும். ஒவ்வொரு நிறத்திலும் நொடிக்கு 100 ஜிகாபிட் என்று வைத்தால், ஒரே இழையில் 9,600 ஜிகாபிட். நிறங்களைக் கலந்து அனுப்பி, மறுமுனையில் பிரித்தெடுக்கும் இந்த ஏற்பாட்டைப் பொறியாளர்கள் டபிள்யூ.டி.எம். என்கிறார்கள். நம் கல்லூரிகளும் ஆய்வு நிலையங்களும் தங்களுக்கென இப்படி ஓர் ஒளிவழியை வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்து வருமா என்ற கேள்வி அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. அதை அவசரமில்லாமல் பின்னோக்கிப் பார்த்து எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஒரு கம்பியில் பல செய்திகளை ஏற்றும் ஆசை, கம்பி அளவுக்கே பழையது. இந்தியாவில் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1854-இல். இருபதே ஆண்டுகளில், 1874-இல், எடிசன் ஒரே கம்பியில் நான்கு செய்திகளை அனுப்பும் முறையைக் கண்டார். பிரான்சில் போதோ, பல தந்தியாளர்கள் ஒரே கம்பியை மாறி மாறிப் பயன்படுத்தும் முறைக்கு அதே ஆண்டில் காப்புரிமை பெற்றார். போதோவின் வழியை நம் ஊர்க்காரர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் நீர் குறைந்த ஆண்டுகளில் காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று விடுகிறோமே, அந்த முறைப்பாசனம்தான் அது: வழி ஒன்று, காலம் பங்கு. அலைநீளத்தால் பிரிப்பது இதற்கு நேர் எதிரானது. எவரும் தம் முறைக்காகக் காத்திருப்பதில்லை. அதைத் தமிழகம் முதலில் அறிந்தது வானொலியில். ஒரே வானத்தில் எத்தனையோ நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் எண். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி, அறுபதுகளில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 ரகத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே அதை டெல்டா முழுவதும் பரப்பியது. உழவர்கள் அந்த விதைக்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்தார்கள். ஓர் ஆய்வு நிலையத்துக்கும் வயலுக்கும் இடையே ஓர் அலைநீளம் ஒதுக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த மாவட்டம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டது.

கண்ணாடி இழையின் கதையிலும் காவிரிக் கரைக்கு ஒரு பங்கு உண்டு. 1966-இல் சார்லஸ் காவோவும் ஹாக்ஹாமும், கண்ணாடியின் மாசை நீக்கினால் ஒளி நெடுந்தொலைவு செல்லும் என்று எழுதினார்கள். 1970-இல் கார்னிங் நிறுவனம் அதை மெய்ப்பித்தது. இன்று 1550 நானோமீட்டர் அருகே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் அளவுக்கே ஒளி மங்குகிறது. என்றாலும் எண்பது, நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை அதைத் தூக்கிவிட வேண்டும். 1987 வரை ஒளியை மின்னாக்கி, சீராக்கி, மீண்டும் ஒளியாக்கியே அனுப்பினார்கள். நிறம் ஒன்றுக்கு ஒரு கருவி தேவைப்பட்டதால் பல நிறங்களை ஓட்டுவது கட்டுப்படியாகவில்லை. அந்த ஆண்டில் எர்பியம் கலந்த இழை எல்லா நிறங்களையும் ஒன்றாகவே பெருக்கிக் காட்டியதும் கணக்கு தலைகீழானது. இன்னொரு பெருக்கி வகை, இழையையே பெருக்கும் ஊடகமாக்குகிறது. அதன் அடிப்படை, 1928-இல் சி.வி. ராமன் கண்ட ஒளிச்சிதறல். தஞ்சை மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், 1888-இல் திருவானைக்காவலில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிறந்தவரின் பெயரில்தான் இன்று நெடுந்தொலைவு ஒளிவழிகளில் ராமன் பெருக்கிகள் இயங்குகின்றன. நாம் கொடுத்தது தொலைவில் பயன்பட்டு, பிறகு விலைப்பட்டியலோடு நம்மிடம் திரும்புவது இந்த நாட்டுக்குப் பழகிய ஒன்றுதான்.

அறிவைச் சேர்ப்பதும் பகிர்வதும் இங்கே எப்போதும் வழியின் அருமையைப் பொறுத்தே நடந்திருக்கின்றன. இரண்டாம் சரபோஜி சுவடிகளைத் தேடிக் காசி வரை ஆள் சேர்த்துப் போனார். படி எடுப்பதற்கென்றே பண்டிதர்களை அமர்த்தினார். அப்படிச் சேர்ந்த சரஸ்வதி மகாலின் 40,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் 1918-இல்தான் பொதுமக்களின் உடைமையாயின. 1880-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், ஒரு நூலின் பிரதிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அதே 1887-இல் ஈரோட்டில் பிறந்து, அதே கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், கார் என்பவர் தொகுத்த ஒரே கணிதச் சுருக்க நூலைத் துணையாகக் கொண்டு, ஐரோப்பாவில் முன்னரே நிறுவப்பட்டிருந்த பலவற்றைத் தனியாகத் தானே மறுபடி கண்டுபிடித்தார். அவருடைய தனிமையை மேதைமையின் அடையாளமாகப் போற்றுகிறோம். அது ஒரு நூலகத்தின் வறுமையும் ஆகும். 1913 ஜனவரியில் ஹார்டிக்குப் போன கடிதத்துக்கு முன்னால் வீணான ஆண்டுகள் எத்தனை என்று எவரும் கணக்கிட்டதில்லை. வழியில்லாமையின் விலையை, வழி கிடைத்தவர்களின் புகழ் எப்போதும் மறைத்துவிடுகிறது.

இன்றைய ஆய்வாளரின் சுமை ஓலைக்கட்டு அல்ல என்றாலும் அது எடை குறைந்ததும் அல்ல. 2014-இல் பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சீன நிறுவனங்களும் சேர்ந்து 3,000 நெல் ரகங்களின் மரபணு வரிசைகளை உலகுக்கே பொதுவாக வெளியிட்டன. அதன் அளவு 13.4 டெராபைட். 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நிலையத்தைப் போன்ற ஓரிடத்தில் அமர்ந்திருப்பவர், நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அதை முழுதாக இறக்க நினைத்தால், வேறு எந்த வேலையும் அந்த வழியில் நடக்காத நிலையிலும் பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆகும். 10 ஜிகாபிட் நிறம் ஒன்று கைவசம் இருந்தால் மூன்று மணி நேரம். 100 ஜிகாபிட் என்றால் இருபது நிமிடம்கூட ஆகாது. பன்னிரண்டு நாள் ஆகும் வேலையை மனிதர்கள் பெரும்பாலும் தொடங்குவதே இல்லை. சுவடிகளின் நுண்ணிய படங்களும், கடலோர வானிலைக் கணிப்புகளும், செயற்கைக்கோள் எடுத்த வயல் படங்களும் இதே வகைச் சுமைகள்தாம். நம் நெல்லைப் பற்றிய அறிவே கடல் கடந்து பொதுவில் கிடக்க, அதை அள்ளிக் கொண்டுவரும் வாய்க்கால் மட்டும் ஒடுங்கியிருக்கிறது.

அரசு இதை அறியாமலில்லை. 1986-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு எர்நெட் தொடங்கியபோது அதில் இருந்த எட்டு நிறுவனங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. 2010 மார்ச்சில், பத்தாண்டுகளுக்கு 5,990 கோடி ரூபாய் ஒதுக்கி, ஏறத்தாழ 1,500 நிறுவனங்களை இணைக்கும் தேசிய அறிவு வலையமைப்புக்கு மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. நொடிக்கு 2.5 ஜிகாபிட், 10 ஜிகாபிட் என முதுகெலும்பும், உறுப்பு நிறுவனங்களுக்கு 100 மெகாபிட் அல்லது ஒரு ஜிகாபிட் என இணைப்புகளும் திட்டமாயின; முதுகெலும்பு பின்னர் மேலும் வளர்ந்தது. அது பெரிய காரியம், ஐயமில்லை. ஆனால் அந்த வலையின் வழிகள் பெரும்பாலும் பி.எஸ்.என்.எல்., ரெயில்டெல், பவர்கிரிட் போன்ற நிறுவனங்களிடம் வாடகைக்குப் பெற்றவை. வாடகை மெகாபிட் கணக்கில் வரும்போது, பயன்படுத்துபவர் மனத்தில் நீர்ப்பங்கீட்டின் பழைய அச்சம் குடியேறிவிடுகிறது: கூடுதல் கேட்டால் கூடுதல் செலவு, ஒருவர் இழுத்தால் மற்றவருக்குக் குறையும். இழைக்குள்ளே தொண்ணூறு நிறங்களுக்கு இடம் காலியாக இருக்க, வெளியே முறைப்பாசனம் நடக்கிறது. பற்றாக்குறை இயற்கையில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது.

இழையையே நீண்டகால உரிமையாகப் பெற்று, அதற்கான கருவிகளைத் தாமே பொருத்திக்கொள்வது மாற்று வழி. ஒளியேற்றப்படாத அத்தகைய இழையைத் தொழிலில் டார்க் பைபர் என்பார்கள். டெல்டாவின் அமைப்பு இதற்கு விசித்திரமான அளவுக்கு இணக்கமானது. திருச்சியிலிருந்து தஞ்சை ஏறத்தாழ 55 கிலோமீட்டர், துவாக்குடியின் என்.ஐ.டி.யும் திருமலைசமுத்திரத்தின் சாஸ்த்ராவும் அந்தச் சாலையிலேயே இருக்கின்றன. தஞ்சையிலிருந்து கும்பகோணம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர், ஆடுதுறை அதற்குச் சற்று அப்பால். திருவாரூரின் மத்தியப் பல்கலைக்கழகமும் தொலைவில் இல்லை. எண்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட துண்டுகளில் இடையே பெருக்கி வேண்டியதில்லை. அலைநீளங்களுக்கிடையே 20 நானோமீட்டர் தாராள இடைவெளி விடும் எளிய வகையில் வரையறைப்படி 18 நிறங்கள் உண்டு. நெடும் துண்டுகளில் அவற்றில் எட்டையாவது ஓட்டலாம். நிறங்களைச் சேர்த்துப் பிரிக்கும் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நிறம், நெல் ஆய்வுக்கு ஒரு நிறம், அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒரு நிறம் என்று கொடுத்த பிறகும் மிச்சம் இருக்கும். சென்னை வரையிலான ஏறத்தாழ 350 கிலோமீட்டருக்கு மட்டும் நிறங்களை நெருக்கி ஓட்டும் அடர்ந்த வகையும், வழியில் மூன்று நான்கு பெருக்கி நிலையங்களும் தேவைப்படும். நுட்பத்தின் பக்கமிருந்து கேட்டால், இது நடைமுறைக்கு ஒத்து வந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

பிற நாடுகளின் அனுபவமும் அதையே சொல்கிறது, ஒரு திருத்தத்தோடு. கனடாவின் கனாரி அமைப்பு 1998-இலேயே ஆய்வுக்கென ஒளிவலையை நிறுவி, நிறங்களைப் பல்கலைக்கழகங்களே தம் உடைமையாக ஆளும் எண்ணத்தை வளர்த்தது. நெதர்லாந்தின் சர்ப்நெட், இருண்ட இழைகளை நீண்டகால உரிமையில் எடுத்து, 2006 அளவில் ஆய்வுக் குழுக்களுக்குத் தனி ஒளிப்பாதைகள் தரத் தொடங்கியது. அமெரிக்காவில் 2003-இல் பல்கலைக்கழகங்கள் கூடி நேஷனல் லாம்ப்டாரெயிலை உருவாக்கி, நாட்டின் குறுக்கே சொந்த இழையில் நிறங்களை ஓட்டின. அது 2014-இல் மூடப்பட்டது. அங்கே கண்ணாடி பழுதாகிவிடவில்லை, லேசர்கள் மங்கிவிடவுமில்லை. கூட்டாக வைத்திருப்பதன் செலவை ஆண்டுதோறும் யார் ஏற்பது என்பதில் கூட்டு தளர்ந்தது. உடைமை தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு அந்தப் பதினோரு ஆண்டுகள் சான்று.

இதைச் சொல்ல அமெரிக்கா வரை போயிருக்க வேண்டியதில்லை. அணை கட்டுவது இந்த மண்ணில் ஒருபோதும் கடினமான பாதியாக இருந்ததில்லை. கரிகாலன் பெயரில் வழங்கும் கல்லணை நம்மிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அதன் கற்கள் மட்டுமல்ல. ஊர் கூடித் தூர்வாரிய குடிமராமத்தும், நீரைக் கண்காணித்துத் திருப்பிவிட்ட நீர்க்கட்டிகளுக்கு ஊர் அளந்த நெல்லும் அதன் காரணங்கள். அந்த வழக்கம் தளரத் தொடங்கியபோது, 1858-இல் சென்னை மாகாண அரசு அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக எழுதியது. உடன்பாடு ஆணையாக மாறியதோடு அதன் உயிரும் வடிந்தது. ஆர்தர் காட்டன் திட்டமிட்டு 1836-இல் எழும்பிய முக்கொம்பு மேலணையில், 2018 ஆகஸ்டில், வெள்ளம் பெருகி ஓடிய நாளில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் இடிந்து போயின. அதே ஆண்டு நவம்பர் 16-இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பேசும் வழிகளும் அவற்றோடு போயின. கம்பத்தில் தொங்கும் இழைக்கும் மண்ணில் புதைந்த இழைக்கும் உள்ள வேறுபாட்டை அந்த இரவு எவருக்கும் மறக்காதபடி சொல்லித் தந்தது. அறுந்த இழையை மறுநாள் ஒட்டித் தருபவர் யார், அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் என்பது, எத்தனை நிறம் ஓட்டலாம் என்பதைவிடப் பழைய கேள்வி. அதைத்தான் நாம் ஒவ்வொரு தலைமுறையிலும் கடைசியாகக் கேட்கிறோம்.

இன்னொரு பழைய கேள்வியும் உண்டு. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்த செய்தி நாளிதழில் வந்த பிறகும், கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று நாகையில் வாரக்கணக்கில் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். அறிவு வலைக்கும் தலைமடை உண்டு, கடைமடை உண்டு. ஐ.ஐ.டி.க்கு எப்போதும் நீர் வரும். கிராமத்துப் பிள்ளைகள் படிக்கும் அரசுக் கலைக் கல்லூரிதான் கடைமடை. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுசெல்லும் பணியை அரசு ஏற்றிருக்கும் காலத்தில், அந்த இழைகளில் ஓரிரு நிறங்களைக் கல்விக்கென்று எழுதி வைப்பதால் வேறு எந்தப் பயனாளிக்கும் ஒரு சொட்டும் குறையாது. நீரில் இப்படி ஒரு சலுகை நமக்கு எந்நாளும் கிடைத்ததில்லை. குறைவில்லாத ஒன்றைக் குறைவுள்ளதைப் போல அளந்து கொடுப்பது பழக்கத்தின் பிழை. அதற்கும் விளைச்சலில் விலை உண்டு.

1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் வந்தது. அடுத்த ஆண்டு அது திருச்சியைத் தொட்டது. அகலப் பாதையாகப் பிறந்து, மீட்டர் பாதையாகச் சுருங்கி, மறுபடி அகலப் பாதையான அந்தத் தடத்தில் தண்டவாளமும் வண்டியும் பலமுறை மாறின, தடம் மாறவில்லை. 2013 ஜூலையில் தந்தி நின்றது. கம்பிகள் போயின, அவை போன வழியில் வேறு கம்பிகள் வந்தன. கல்லணையின் கதவுகளும் எத்தனையோ முறை மாற்றப்பட்டவைதாம். இன்று வாங்கும் லேசர்களும் பெட்டிகளும் பத்தாண்டில் பழையனவாகிவிடும். அவற்றைப் பற்றி இவ்வளவு வாதம் தேவையில்லை. நிலைப்பவை வழியும் வழியின் மீதான உரிமையும். மேட்டூரோடு 1934-இல் வந்த கல்லணைக் கால்வாயைத் தஞ்சைக்காரர்கள் இன்றும் புது ஆறு என்றே அழைக்கிறார்கள். ஒரு வழி புதியது என்ற சொல்லை உதறவே இங்கே தொண்ணூறு ஆண்டு போதவில்லை என்றால், இழையைப் பற்றி ஐந்தாண்டுத் திட்டக் கணக்கில் சிந்திப்பது நமக்குப் பொருந்தாது.

ஆகவே செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. சாலையை அகலப்படுத்தவோ ஆற்றங்கரையைப் பலப்படுத்தவோ மண்ணைத் தோண்டும்போதெல்லாம் ஒரு வெற்றுக் குழாயைப் புதைத்துவிடலாம். அதன் செலவு, மீண்டும் தோண்டும் செலவில் சிறு பங்கு. திருச்சி முதல் திருவாரூர் வரையிலான நிறுவனங்கள் ஓர் இணை இழையைக் கூட்டாக, இருபது ஆண்டு உரிமையில் எழுதி வாங்கலாம். கருவிக்கான பணத்தை ஒதுக்கும் முன்பாகப் பராமரிப்புக்கான ஆண்டுப் பணத்தை எழுதி வைக்கலாம். ஊர் நீர்க்கட்டிக்கு அளந்த நெல்லைப் போல அது எந்த ஆண்டும் தவறக் கூடாது. நாம் குடிக்கும் நீரையும் உண்ணும் சோற்றையும், பெயர் தெரியாத யாரோ கூடி வெட்டிய வாய்க்கால்கள் இன்னும் கொண்டுவருகின்றன. அவர்களும் ஒரு பருவத்தின் அவசரத்தில் அவற்றை வெட்டவில்லை. பிறக்காத பேரன்களின் சாகுபடியை எண்ணி வெட்டினார்கள். அவர்களுக்கிருந்த தடையில் பாதிகூட நமக்கில்லை. அவர்கள் பங்கிட்டது குறைந்துகொண்டே போகும் நீரை. நம் கையில் இருப்பது எத்தனை பேர் பங்கிட்டாலும் குறையாத ஒன்று. அதை எவர் பெயரில் எழுதுவது என்பதை மட்டும் நாம் முடிவு செய்தாக வேண்டும்.